காசு யார் கையில்? ஒரு தாதிமை மாணவிக்குப் பதில்

மலேசியாவில் சுங்கை சிப்புட்டை அடுத்த ஒரு தோட்டப் பட்டணத்திலிருந்து ஒரு மாணவி எழுதியிருக்கிறார். வயது 21. மூன்றாண்டு தாதிமை டிப்ளோமாவில் இரண்டாம் ஆண்டு. பெயரையும் கல்லூரியையும் போட வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்; போடவில்லை. ஆளைக் காட்டிக்கொடுக்கக்கூடிய சில விவரங்களையும் மாற்றிவிட்டேன். கடிதம் நீளமானது. அதன் சாரம் இது.

அப்பா இல்லை. அம்மா செம்பனைத் தோட்டத்தில் உதிரிப் பழம் பொறுக்குகிறார். தமிழ்ப்பள்ளி, பிறகு இடைநிலைப்பள்ளி, இப்போது பிடிபிடிஎன் என்ற அரசு உயர்கல்விக் கடனில் ஒரு தனியார் கல்லூரி. முதலாண்டு முழுக்க விரிவுரைதான். கேட்டு எழுதிக்கொண்டு வந்து இரவில் படிப்பார், மதிப்பெண்ணும் நன்றாகவே வந்தது. இரண்டாம் ஆண்டில் மருந்தியல் உட்பட மூன்று பாடங்கள் குழுவழிக் கற்றலுக்கு மாறின. மாணவர்கள் அதை டிபிஎல் என்கிறார்கள். விரிவுரையாளரே ஆறு ஆறு பேராகப் பிரித்தார். ஆண்டு முழுக்க அதே குழு. பாடத்தை வீட்டிலேயே படித்துவிட்டு வர வேண்டும். வந்ததும் தனித்தனியாக ஒரு சிறு சோதனை. அது முடிந்த கையோடு அதே கேள்விகளைக் குழுவாகப் பேசி, ஒரே ஒரு சுரண்டல் அட்டையில் விடையை நாணயக் காசால் சுரண்ட வேண்டும். சரியான கட்டத்தில் நட்சத்திரம் தெரியும். முதல் சுரண்டலில் தெரிந்தால் முழு மதிப்பெண், தப்பினால் குறைந்துகொண்டே போகும்.

ஒரு நாள் டிகாக்சின் என்ற இதய மருந்து பற்றிய கேள்வி. மாத்திரை கொடுக்குமுன் எதைப் பார்க்க வேண்டும்? நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப் வைத்து ஒரு முழு நிமிடம் இதயத் துடிப்பை எண்ண வேண்டும் என்று இவர் தன் தாளில் சரியாகவே எழுதியிருந்தார். குழுவில் இரத்த அழுத்தம் என்று ஒருவர் உறுதியாகச் சொன்னார், மற்றவர்கள் தலையாட்டினார்கள், வழக்கமாகக் காசை வைத்திருக்கும் பையன் சுரண்டிவிட்டான். நட்சத்திரம் இல்லை. இவர் வாயே திறக்கவில்லை. அவர்கள் மலாயும் ஆங்கிலமும் கலந்து வேகமாகப் பேசும்போது தன்னால் இடையில் நுழைய முடிவதில்லை என்கிறார். இத்தனைக்கும் ஒவ்வொரு வாரமும் குறிப்பெடுத்து வாட்சாப்பில் ஆறு பேருக்கும் அனுப்புவது இவர்தான். அதில் ஒருவர் இந்தக் குறிப்பைத் தவிர வேறெதையும் படிப்பதே இல்லை. பருவ முடிவில் தோழர்கள் ஒருவரையொருவர் மதிப்பிட்டபோது ஆறு பேரில் இவருக்குத்தான் குறைந்த மதிப்பெண். ஒரு குறிப்பு: ‘பேசுவதே இல்லை, எங்களோடு சேர விருப்பமில்லை போல.’

அன்றிரவு கைப்பேசியில் ஒரு விடாமுயற்சிச் சோதனை செய்து பார்த்திருக்கிறார். ஐந்துக்கு 2.6 வந்ததாம். ‘எனக்கு விடாமுயற்சி இல்லை என்று இப்போது நிரூபணமாகிவிட்டது, சிஸ்டர். படிப்பை நிறுத்திவிடலாமா, இல்லை சாதாரணமாகப் பாடம் நடத்தும் கல்லூரிக்கு மாறிவிடலாமா? குழுவிலிருந்து விலக்குக் கேட்க எனக்கு உரிமை உண்டா? அந்த மதிப்பெண்ணை எதிர்க்க முடியுமா?’

மகளே, முப்பது ஆண்டுகள் வார்டிலும் தாதியர் பயிற்சியிலும் இருந்துவிட்டு இப்போது மாணவர்களுக்கு ஆலோசனை சொல்லிக்கொண்டிருப்பவள் நான். உனக்கு என் மகள் வயது. அதனால் ‘நீ’ என்றே எழுதுகிறேன், தவறாக எடுத்துக்கொள்ளாதே. நீ கேட்ட வரிசையில் பதில் சொல்லப் போவதில்லை. முதலில் அந்த 2.6-ஐ ஓரமாக வைக்க வேண்டும். அது உன் கண்ணை மறைக்கிறது.

யாரோடு ஒப்பிட்டு?

நீ செய்தது அநேகமாக அமெரிக்க உளவியலாளர் ஏஞ்சலா டக்வொர்த் 2007-இல் வெளியிட்ட வினாத்தாளின் ஏதோ ஒரு நகல். மூலத்தில் 12 வாக்கியங்கள். 2009-இல் அதையே 8 ஆகச் சுருக்கினார்கள். அது இரண்டு விஷயங்களை அளக்கப் பார்க்கிறது. ஒன்று, ஆண்டுக்கணக்கில் ஒரே ஆர்வத்தைப் பிடித்துக்கொண்டிருப்பது. மற்றது, தடங்கல் வந்தாலும் உழைப்பை விடாமலிருப்பது. இரண்டையும் கூட்டிச் சராசரி போட்டால் வருவது ஓர் எண். 2017-இல் மார்கஸ் கிரெடேயும் உடன் ஆய்வாளர்களும் ஏறக்குறைய 67,000 பேரின் தரவுகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். இந்த எண் பழைய உளவியலாளர்கள் ‘கடமையுணர்வு’ என்று சொல்லிவந்த குணத்தோடு பெரும்பாலும் ஒன்றிப்போகிறது என்று தெரிந்தது. இரண்டு பாகங்களில் படிப்போடு ஓரளவு தொடர்புள்ளது உழைப்பை விடாத பாகம்தான். ஒரே ஆர்வத்தைப் பிடித்துக்கொண்டிருக்கும் பாகத்துக்கு அவ்வளவு பலமில்லை. உன் 2.6-இல் எந்தப் பாகம் எவ்வளவு என்று அந்தச் செயலி சொன்னதா? சொல்லியிருக்காது.

இன்னொன்றும் உண்டு. ‘நான் கடின உழைப்பாளி’ என்ற வாக்கியத்துக்கு ‘ஓரளவு’ என்று போட்டதாக எழுதியிருக்கிறாய். யாரோடு ஒப்பிட்டு அப்படிப் போட்டாய்? விடியுமுன் எழுந்து, சோற்றைக் கட்டிக்கொண்டு, மழையோ வெயிலோ முதுகு வளைந்து உதிரி பொறுக்குகிற ஒரு பெண்ணைத் தினமும் பார்த்து வளர்ந்தவள் நீ. அவரை அளவுகோலாக வைத்தால் நாட்டில் பாதிப்பேர் சோம்பேறிகள். வசதியான வீட்டுப் பையன் ஒருவன், தேர்வுக்கு முந்தைய இரண்டு இரவு கண்விழித்தவன், அதே வாக்கியத்துக்கு ‘மிகவும் பொருந்தும்’ என்று போட்டுவிட்டுப் போவான். இது என் கற்பனையில்லை. ஒவ்வொருவரும் வேறு வேறு அளவுகோலை மனதில் வைத்துப் பதில் சொல்வதால் இத்தகைய வினாத்தாள்களைக் கொண்டு ஒருவரை இன்னொருவரோடு ஒப்பிட்டுத் தீர்ப்பு வழங்கக் கூடாது என்று 2015-இல் எச்சரித்தவர்களில் ஒருவர் டக்வொர்த்தே. உருவாக்கியவரே வேண்டாமென்று சொன்ன வேலைக்கு நீ அதைப் பயன்படுத்தியிருக்கிறாய்.

எனக்கு உன் கடிதமே போதும். விடியற்காலைப் பேருந்து, வார்டுப் பயிற்சி, இரவு ஒரு மணி வரை குறிப்பு. அதையும் ஒரு வாரம்கூடத் தவறாமல். உழைப்பில் உனக்குக் குறையில்லை. ஆனால் அந்த உழைப்பு முழுவதும் வகுப்பறை வாசலோடு நின்றுவிடுகிறது. அதைப் பிறகு சொல்கிறேன்.

லெக்சரர் தப்பித்துக்கொள்ளும் வழியா?

உன் மாமா மகன் அப்படித்தான் சொன்னாராம். ‘பாடம் நடத்தச் சோம்பல், பிள்ளைகளைப் பேசவிட்டு உட்கார்ந்திருக்கிறார்கள்’ என்று. அவர் பார்த்த வகுப்பு அப்படியும் இருந்திருக்கலாம். மோசமாக நடத்தப்படும் டிபிஎல் உண்டு, நானும் பார்த்திருக்கிறேன். ஆனால் முறை அதற்காகப் பிறந்ததில்லை. 1970-களின் இறுதியில் ஓக்லஹோமா பல்கலைக்கழகத்தில் வணிகத்துறை கற்பித்த லேரி மைக்கல்சனின் வகுப்பு 40 பேரிலிருந்து 120 பேராகப் பெருத்துவிட்டது. அத்தனை பேர் முன்னால் நின்று பேசிக்கொண்டே போனால் யாரும் யோசிக்க மாட்டார்கள் என்று அவர் கண்டுபிடித்த வழி இது. மருத்துவ, தாதிமைக் கல்விக்குள் வந்தது 2000-க்குப் பிறகுதான். நம் பக்கத்தில் சிங்கப்பூரின் டியூக்-என்யுஎஸ் மருத்துவக் கல்லூரி 2007-இல் முதல் மாணவர்களைச் சேர்த்தபோதே இதை மையமாக வைத்தது.

அதன் ஒவ்வொரு படிக்கும் காரணம் உண்டு. முதலில் தனிச் சோதனை, ஏனென்றால் யார் படித்தார், யார் படிக்கவில்லை என்பது மறையக் கூடாது. பிறகு குழுச் சோதனை, ஏனென்றால் தான் நம்புவதை இன்னொருவருக்கு விளக்கும்போதுதான் அது பாதிதான் தெரியும் என்பது புரியும். 1989-இல் மைக்கல்சனும் இருவரும் 222 குழுக்களைப் பார்த்து எழுதினார்கள். அவற்றில் 97 விழுக்காட்டுக் குழுக்களின் மதிப்பெண், அந்தந்தக் குழுவிலேயே அதிகம் எடுத்த ஆளையும் தாண்டியிருந்தது. உன் குழு டிகாக்சின் அன்று அந்த 3 விழுக்காட்டுப் பக்கம் போனது. ஏன் போனது என்பது உனக்கே தெரியும்.

பிடிக்கவில்லை என்று எழுதியிருக்கிறாய். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. மருத்துவத் துறைக் கல்வியில் டிபிஎல் பற்றி வந்த 14 ஆய்வுகளை 2013-இல் ஒரு குழு சேர்த்துப் பார்த்தது. ஏழில் அறிவு மதிப்பெண் தெளிவாக உயர்ந்திருந்தது. மாணவர்களுக்குப் பிடித்திருந்ததா என்று பார்த்தால் முடிவு கலவைதான். 2019-இல் ஹார்வர்டில் இயற்பியல் மாணவர்களிடம் செய்த ஒரு சோதனை இன்னும் சுவாரசியமானது. ஒரே பாடத்தை ஒரு பாதிக்கு அருமையான விரிவுரையாகவும், மறுபாதிக்குத் தாங்களே கணக்குப்போட்டுக் கற்கும் வகுப்பாகவும் நடத்தினார்கள். தாங்களே போட்டவர்கள் தேர்வில் அதிகம் எடுத்தார்கள். ஆனால் குறைவாகக் கற்றதாக உணர்ந்ததும் அவர்கள்தான். நல்ல விரிவுரை கேட்கும்போது எல்லாம் புரிந்த மாதிரி இருக்கும், அந்தச் சுகம்தான் ஏமாற்றுகிறது. முதலாண்டில் நீ உணர்ந்த நிம்மதியில் கொஞ்சம் இந்தச் சுகமும் கலந்திருக்கிறது என்று நினைக்கிறேன்.

அப்புறம், ‘கூட்டாகச் செய்வது நம் ஆட்களுக்கு ஒத்துவராது’ என்று உன் மாமா மகன் சொன்னாராமே. சுங்கை சிப்புட் பக்கம் இருந்துகொண்டா இதைச் சொல்கிறார்? தோட்டங்களைத் துண்டுபோட்டு விற்று, நம் ஆட்கள் வேலையும் வீடும் இழந்துகொண்டிருந்த காலத்தில், தொழிலாளர்கள் கையிலிருந்ததைப் பங்காகப் போட்டுத் தோட்டங்களையே வாங்கினார்களே, அந்தத் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் 1960-இல் துன் சம்பந்தன் தொடங்கியது. அவர் சுங்கை சிப்புட்டின் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்தவர். உன் பாட்டி வீட்டுப் பெட்டியில் அந்தப் பங்குச் சான்றிதழ் இருந்தாலும் ஆச்சரியமில்லை.

பால்மரக் காலத்தில் ஆளுக்கொரு நிரை. தன் நிரையை வெட்டினோம், பாலை எடுத்தோம், நிறுத்துக் கொடுத்தோம். நம் வீடுகளில் படிப்பையும் அப்படியே நினைத்துப் பழகிவிட்டோம்: உன் நிரையை நீ பார். அம்மாவின் இப்போதைய வேலையைக் கேட்டுப் பார். குலை வெட்டுகிறவர் ஒருவர், உதிரி பொறுக்குகிறவர் இன்னொருவர். குலை பழுத்ததா என்பதையே கீழே கிடக்கும் உதிரியைப் பார்த்துத்தான் சொல்கிறார்கள். கீழே இருப்பவர் கண்டதை மேலே பார்ப்பவருக்குச் சொல்லாவிட்டால் காய் வெட்டுதான்.

நான் வாய் திறக்காத இரவு

இதை எழுதுவதா என்று யோசித்தேன். எழுதுகிறேன்.

1980-களின் கடைசியில், புதிதாகப் பதிவு பெற்ற மிஸ்ஸியாக ஒரு வார்டில் இரவு வேலை. இன்சுலின் ஊசிக்கு இரண்டு பேர் சரிபார்க்க வேண்டும். மருத்துவர் ஆறு யூனிட் என்பதை எண்ணும் ஆங்கில ‘யு’ எழுத்துமாகச் சுருக்கி எழுதியிருந்தார். அந்த ‘யு’ மேலே மூடிக்கொண்டு பூஜ்யம் மாதிரி இருந்தது. மூத்த சிஸ்டர் அறுபது என்று வாசித்தார். அந்த நோயாளிக்கு முந்தைய நாள்களில் ஆறு, எட்டு என்றுதான் போயிருந்தது. எனக்கு அது தெரியும், என் கண் முன்னால் சார்ட் இருக்கிறது. நான் பேசவில்லை. இருபது வருட அனுபவம் உள்ள சிஸ்டருக்குத் தெரியாததா என்று நினைத்தேன். தப்பாகச் சொல்லிவிட்டால் எல்லோர் முன்னாலும் அவமானம் என்றும் நினைத்தேன். இரண்டாவதுதான் உண்மைக் காரணம்.

கேட்டது ஒரு மாணவித் தாதி. மலாய்ப் பெண், உன்னைவிடச் சின்னவள். ‘சிஸ்டர், இனி எனாம் கே, எனாம் பூலோ?’ இது ஆறா, அறுபதா? அவ்வளவுதான். சிஸ்டர் மறுபடி பார்த்தார், மருத்துவரைக் கூப்பிட்டார், ஆறு. நோயாளிக்கு ஒன்றும் ஆகவில்லை. எனக்குத்தான் அன்றும் அதற்குப் பிறகும் பல இரவுகள் தூக்கம் பிடிக்கவில்லை. இன்று ‘யூனிட்’ என்பதை முழுச்சொல்லாக எழுதச் சொல்லித்தருகிறார்கள் இல்லையா, அது இப்படிப்பட்ட இரவுகளால் வந்த பாடம்.

உன் டிகாக்சின் கேள்வியும் இதுவும் ஒன்றுதான். துடிப்பு அறுபதுக்குக் கீழே இருக்கும் பெரியவருக்கு அந்த மாத்திரையைக் கொடுக்காமல் நிறுத்திவைத்து மருத்துவருக்குத் தெரிவிக்க வேண்டும். உனக்கு அது தெரியும். தெரிந்து சொல்லாமலிருந்தால் வகுப்பில் போவது மூன்று மதிப்பெண், வார்டில் நோயாளியின் உயிர். டிபிஎல் உன்னிடம் மருந்தியலோடு சேர்த்து இதையும் கேட்கிறது, அதனால்தான் உனக்கு இவ்வளவு வலிக்கிறது. முதலாண்டில் யாரும் கேட்கவில்லை.

பேசுவதும் கற்றுக்கொள்ளக்கூடியதுதான். பிறவிக் குணமில்லை. அமெரிக்காவில் 2006-இல் மருத்துவக் குழுக்களுக்காக வெளியிட்ட டீம்ஸ்டெப்ஸ் என்ற பயிற்சியில் இதற்கென்றே ஒரு விதி இருக்கிறது: சந்தேகம் வந்தால் சொல், காதில் விழாதது போலிருந்தால் இன்னொரு முறை சொல். இரண்டு முறை சொல்வது உன் பொறுப்பு. அதற்கும் அசையவில்லையென்றால் மேலிடத்துக்குப் போ. சொற்களைக்கூட அவர்களே படிப்படியாக அமைத்துத் தருகிறார்கள். முதலில், எனக்குக் கவலையாக இருக்கிறது. அடுத்து, எனக்கு இது சரியாகப் படவில்லை. கடைசியாக, இது நோயாளியின் பாதுகாப்பு விஷயம். தயக்கமுள்ளவர்களுக்கு இப்படித் தயார் வாக்கியம் இருந்தால் பாதிப் பாரம் குறைந்துவிடும்.

விடாமுயற்சி இல்லை என்கிறாயே, எனக்குத் தெரிந்த வார்டுகளில் அது பெரும்பாலும் அந்த இரண்டாவது முறை சொல்வதில்தான் இருந்தது.

மொழி விஷயத்தில் உனக்கு ஒரு தப்பெண்ணம். முழு வாதத்தையும் அவர்கள் வேகத்தில், அவர்கள் நடையில் எடுத்து வைக்க வேண்டும் என்று நினைக்கிறாய். வேண்டாம். ‘துங்கு செகஜாப், சாயா நாக் தாஞா’ என்று மட்டும் சொல். கொஞ்சம் இருங்கள், ஒன்று கேட்க வேண்டும். அறை நின்றுவிடும். பிறகு புத்தகத்தின் பக்கத்தைக் காட்டி மெதுவாகப் பேசலாம். நின்ற அறையில் யாரும் உன் இலக்கணத்தைப் பார்க்க மாட்டார்கள். முந்தின இரவு குறிப்பெடுக்கும்போதே, எந்தக் கேள்வியில் தகராறு வரும் என்று ஒன்றை ஊகித்து, அதற்கு மலாயில் இரண்டு வரி எழுதி வைத்துக்கொள்.

குறிப்பு அனுப்புவதை நிறுத்து

இது உனக்குப் பிடிக்காது. நல்ல மனதோடுதான் அனுப்புகிறாய், தெரியும். ஆனால் அந்த ஒருவர் படிக்காமல் வருவதற்கு முதல் காரணம் அவர், இரண்டாவது காரணம் உன் வாட்சாப். பிரெஞ்சு வேளாண் பொறியாளர் மேக்ஸ் ரிங்கல்மன் 1913-இல் வெளியிட்ட அளவீடுகளில், கயிறு இழுக்கும் ஆள்கள் கூடக்கூட ஆளுக்கு இழுக்கும் பலம் குறைந்துகொண்டே போனது. பள்ளி விளையாட்டுப் போட்டியில் கயிறு இழுத்தவர்களுக்கு இதைச் சொல்லவே வேண்டாம், கடைசியில் நிற்பவன் முகத்தை மட்டும் சுளிப்பான். யார் எவ்வளவு இழுக்கிறார் என்பது தெரியும்போதுதான் இது குறையும். தனிச் சோதனையை வைத்ததே அதற்குத்தான். உன் குறிப்பு அந்தச் சோதனையை மழுக்கிவிடுகிறது.

ஒரேயடியாக நிறுத்தினால் சண்டை வரும். ‘பாடத்தை ஆறாகப் பிரிப்போம், எல்லோரும் முழுதும் படிப்போம், ஆனால் ஆளுக்கு ஒரு பகுதியிலிருந்து இரண்டு சந்தேகங்களோடு வருவோம்’ என்று குழுவில் போடு. குறிப்புக்குப் பதில் சந்தேகம். படிக்காதவனால் சந்தேகத்தைத் தயாரிக்க முடியாது. படிக்காத அந்த ஆளிடம் தனியாக ஒரு முறை கேட்டும் பார். பகுதிநேர வேலையா, வீட்டில் ஏதாவதா? சில சமயம் நாம் சோம்பல் என்று நினைப்பது வேறொன்றாக இருக்கும். சில சமயம் சோம்பலேதான்.

மதிப்பெண்ணை எதிர்ப்பது

இங்கே கொஞ்சம் உன் பக்கம் நிற்கிறேன். தோழர் மதிப்பீடு டிபிஎல்லில் இருக்க வேண்டியதுதான், ஆனால் பருவ முடிவில் ஒரே ஒரு முறை தாளை நீட்டுவது சரியான முறையில்லை. பாதியில் ஒரு முறை மதிப்பெண்ணில்லாமல் செய்து, குறையைச் சொல்லி, திருத்திக்கொள்ள வாய்ப்புக் கொடுக்க வேண்டும். எதை வைத்து மதிப்பிடுவது என்பதும் முன்கூட்டியே மாணவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். ‘பங்களிப்பு’ என்று ஒரே வார்த்தை போட்டால் சத்தமாகப் பேசுகிறவனுக்குத்தான் லாபம். தயாரிப்பு, கேட்டுக்கொள்ளும் பண்பு, குழுவுக்கு உதவி, பேச்சு என்று பிரித்திருந்தால் உனக்கு இப்படி வந்திருக்காது.

ஆகவே முறையிடு. ஆனால் ‘அவர்கள் என்னை ஒதுக்கினார்கள்’ என்று எழுதாதே. அது நிரூபிக்க முடியாதது, குழுவோடு பகையும் வரும். மாணவர் கையேட்டில் மதிப்பெண் முறையீட்டுக்கு எத்தனை நாள் அவகாசம் என்று முதலில் பார், அது பெரும்பாலும் குறுகியது. பாடப் பொறுப்பாளருக்கு எழுத்தில், தேதி போட்டு, மூன்றே விஷயம் கேள்: அளவுகோல் என்ன, அது எப்போது அறிவிக்கப்பட்டது, அடுத்த பருவத்தில் இடைமதிப்பீடு வைக்க முடியுமா. நீ அனுப்பிய குறிப்புகளின் தேதிகளையும், உன் தனிச் சோதனை மதிப்பெண்களையும் இணை. நகல் உன்னிடம் இருக்கட்டும். மதிப்பெண் மாறாமல் போகலாம், அதற்கும் தயாராக இரு. ஆனால் அந்த மூன்றாவது கோரிக்கை நிறைவேறினால் உனக்கும் உனக்குப் பின் வருகிறவர்களுக்கும் அதுதான் பெரிது.

வகுப்பில் குழுவாக மேல்முறையீடு செய்யும் படி ஒன்று டிபிஎல்லிலேயே இருக்கிறது, அதையும் இதையும் குழப்பிக்கொள்ளாதே. அது கேள்வியோ விடையோ தவறாக இருந்தால் ஆதாரம் காட்டிக் குழு எழுதிக்கொடுப்பது. டிகாக்சினுக்கு அது பொருந்தாது, அங்கே விடை சரி, குழுதான் தப்பு.

விலக்கு உரிமை கேட்டாய். ‘எனக்குப் பிடிக்கவில்லை’ என்பதற்காக மதிப்பீட்டின் ஒரு பாகத்திலிருந்து விலகும் உரிமை என்று ஒன்று கிடையாது. கேட்கும் திறனிலோ மனநலத்திலோ மருத்துவக் காரணம் இருந்தால், மருத்துவர் கடிதத்தோடு மாற்று ஏற்பாடு கேட்கலாம். குழுவில் யாராவது கேலி செய்தாலோ இனத்தைச் சொல்லித் தாழ்த்தினாலோ அது வேறு கதை, உடனே புகார் செய்ய வேண்டியது. உன் கடிதத்தில் அப்படி எதுவும் இல்லை. நான்தான் வரிக்கு வரி தேடிப் பார்த்தேன்.

நிறுத்துவது, மாறுவது, தள்ளிப்போடுவது

மூன்றும் மூன்று வேறு கதவுகள். நிறுத்தினால் இதுவரை வாங்கிய பிடிபிடிஎன் பணம் கடனாகவே நிற்கும், கையில் டிப்ளோமா இருக்காது. ‘படிக்காவிட்டால் கட்ட வேண்டாம்’ என்று உன் பக்கத்து வீட்டக்கா சொன்னது தவறு.

மாறுவது கேட்க எளிது. தாதிமையில் வகுப்பு மணியும் வார்டு மணியும் எண்ணிக் கணக்குக் காட்ட வேண்டும், மலேசியத் தாதியர் வாரியத்தில் பதிவு பெறுவது அதைப் பொறுத்தது. புதிய கல்லூரி உன் பருவங்களை முழுதாக ஏற்காமல் போனால் ஓராண்டு கரையலாம். போகத்தான் வேண்டுமென்றால், எத்தனை பருவம் ஏற்கப்படும், கடன் தொடருமா என்ற இரண்டுக்கும் எழுத்தில் பதில் வாங்காமல் இங்கே பெயரை வெட்டாதே. இன்னொன்று, அங்கேயும் நாளை டிபிஎல் வரலாம். விரிவுரை மட்டுமே நடத்தும் கல்லூரியில் படித்து முடித்தாலும் வேலை பார்க்கும் வார்டு குழுதான்.

தள்ளிப்போடுவது பற்றி நீ கேட்கவில்லை. கடிதத்தின் கடைசிப் பக்கத்தில், இரண்டு வாரமாகத் தூக்கமில்லை, சாப்பாடு இறங்கவில்லை, பேருந்து ஏறும்போதே நெஞ்சு படபடக்கிறது என்று ஒரு வரி இருக்கிறது. எனக்கு மதிப்பெண்ணைவிட அந்த வரிதான் கவலை. இந்த வாரமே கல்லூரி ஆலோசகரையோ, ஊர்க் கிளினிக்கையோ பார். சுகாதார அமைச்சின் மனநல உதவித் தொலைபேசியான ஹீல் லைன் 15555-இல் பேசவும் செய்யலாம். வாழவே பிடிக்கவில்லை என்ற எண்ணம் வந்தால் காத்திருக்காதே, அன்றே பக்கத்து ஆஸ்பத்திரிக்குப் போ, அம்மாவிடமும் சொல். மருத்துவர் ஓய்வு தேவை என்றால் ஒரு பருவம் தள்ளிப்போடுவது அவமானமில்லை; கல்லூரிக்கும் பிடிபிடிஎன்னுக்கும் முறையாகத் தெரிவித்துவிட்டுச் செய்ய வேண்டும், அவ்வளவே. அப்படி எதுவும் இல்லையென்றால், என் கருத்து, இந்தப் பருவத்தை இருந்து முடி. முடிந்த பிறகும் மாற வேண்டும் என்று தோன்றினால் அப்போது எழுது, சேர்ந்து யோசிப்போம்.

அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை என்கிறாய். ‘கஷ்டப்பட்டுப் படிக்கவைக்கிறார், எப்படிச் சொல்வது’ என்று. 2.6-ஐச் சொல்ல வேண்டாம். டிகாக்சின் கதையைச் சொல். தோட்டத்தில் வேலையை மேற்பார்க்கும் மண்டோரிடம் ஒரு தடவையாவது ‘அது அப்படியில்லை’ என்று சொல்ல வேண்டியிருந்திருக்கும் அவருக்கு. எப்படிச் சொன்னார் என்று கேள்.

புதன்கிழமை அடுத்த சோதனை என்று எழுதியிருந்தாய். இந்தப் பதில் அதற்குள் உன் கைக்கு வந்துவிடும். புறப்படும்போது பையில் ஒரு ஐம்பது காசு போட்டுக்கொள். அட்டை மேசைக்கு வந்ததும் முந்திக்கொண்டு அதை உன் பக்கம் இழுத்து, ‘இன்றைக்கு நான் சுரண்டுகிறேன்’ என்று சொல். காசு உன் கையில் இருக்கும்வரை, எந்தக் கட்டம், ஏன் என்று அவர்கள் உன்னிடம் சொல்லித்தான் ஆக வேண்டும். பேசி முடிக்கும்வரை சுரண்டாதே.